மொக்கையச் சாமியின் இடது கை

பழங்காநத்தத்துக்கு அந்த வருஷம் அம்மை வந்தது. பின்னாலேயே மொக்கையச் சாமியும் வந்தார். எது அதிகச் சேதம் செய்தது என்று இன்றுவரை யாரும் தீர்த்துச் சொல்லவில்லை.

செவ்வாய், வெள்ளியில் வண்டி கட்டிக்கொண்டு சனம் குவிந்தது. உடம்பெல்லாம் விபூதியை அப்பிக்கொண்டு சாமி அருள்வாக்குச் சொல்வார்.

"வெள்ளக்காரன் ஊசி குத்துனா ஆத்தா கோவிச்சுக்கிருவா! கயித்தக் கட்டு!"

கயிறு இலவசம். காணிக்கை மட்டும் ஒரு கோழி.

ஒச்சாயி கோழி கொடுத்து மகனுக்குக் கயிறு கட்டினாள். கயிற்றோடேயே அவனைப் புதைத்தார்கள். "தீட்டுக் கையால தொட்டிருப்ப" என்றார் சாமி. கோழியைத் திருப்பித் தரவில்லை. அவளுக்கு இனி மிச்சம் கைக்குழந்தை அன்னக்கொடிதான்.

கண்ணுச்சாமி அவள் வாசலில் வந்து நின்றார். வீடு வீடாக அம்மை குத்துவது அவருடைய சர்க்கார் உத்தியோகம். அதில் சம்பளத்தைவிட வசவுதான் அதிகம்.

"குத்துனா ஆத்தா கோவிப்பாளாமே, ஐயா?"

"அம்மை கண்ட வீட்டுக்கெல்லாம் ஒங்க சாமி பயமில்லாமப் போயிட்டு வாராரு. மொகத்துல ஒத்தத் தழும்பு இல்ல. எப்படி தாயி?"

"ஆத்தா காவலு."

"இல்லன்னா முன்னாடியே குத்திக்கிட்டிருக்கணும். குத்துன தழும்பு சாகுற வரைக்கும் போகாது." சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். இடது புஜத்தில் வட்ட வட்டமாய் நாலு தழும்பு.

ஒச்சாயி நாலையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாமி ஆடினார். ஆடுகிற சாமியை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது வழக்கம். இந்தச் சாமி மட்டும் காலில் ஊற்றினால் போதும் என்பார். என்ன அடக்கம் என்று ஊரே மெச்சியது. ஒச்சாயி குடத்தைத் தூக்கி அவர் தோளில் கவிழ்த்தாள். விபூதி கரைந்து ஓடியது. இடது கையில் அதே நாலு தழும்பு.

உடுக்கு நின்றது. சாமியும் சட்டென்று மலையேறிவிட்டது.

"அது... ஆத்தா போட்ட முத்திரை" என்று இழுத்தார்.

கூட்டத்தில் நின்ற கண்ணுச்சாமி தன் கையைத் தூக்கினார். "அப்ப எனக்கும் போட்டிருக்காளே!"

"நீ குத்திக்கிட்டு, எம் மகன ஏன்யா குத்த விடல?" என்று ஒச்சாயி கதறினாள்.

சாமி அவசரமாக விபூதியை அள்ளி அந்தக் கையில் அப்பினார்.

பொழுது சாய்வதற்குள் அன்னக்கொடிக்கு அம்மை குத்தியாகிவிட்டது. கண்ணுச்சாமியைக் கண்டு கதவைச் சாத்தியவர்கள் எல்லாம் அவளுக்குப் பின்னால் பிள்ளைகளோடு நின்றார்கள். அதற்குள் சாமியைக் காணோம். அடுத்த ஊரில் அவருக்குப் பந்தல் போடுகிறார்களாம்.

பந்தல் போடும் புண்ணியவான்களே, காலில் விழுவதற்கு முன் கையைப் பாருங்கள். அதற்கும் முன், கழுத்துக்கு மேலே ஒன்று சும்மா கிடக்கிறதே, அதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள்.