எறும்புத்தின்னியும் ஏழு கொண்டை ஊசி வளைவுகளும்

ஒரு காட்டில், ஐப்பசி மழை விட்டும் விடாமலும் நசநசத்த ஒரு நாளில், சுருளிச்சாமி என்ற எறும்புத்தின்னி பெண் பார்க்கப் போனான். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, கடைசியில் பெண் பொன்னுத்தாயியும் வந்து ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் கூடி வருகிற நேரத்தில் பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆமா, மாப்ள என்ன பண்றாப்ல?" என்று கேட்டுவிட்டார்.

சுருளிச்சாமி பந்தாகச் சுருண்டுவிட்டான். பயம் வந்தால் தலையை வயிற்றுக்குள் சொருகிக்கொண்டு உருண்டையாவது எறும்புத்தின்னி குலத்துக்கே உள்ள பழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் புலியைப் பார்த்துச் சுருளுவார்கள். இவன் கேள்விக்கே சுருளுவான். கையில் பிடித்திருந்த பஜ்ஜியோடு வீடுவரை உருட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார்கள்.

"கவர்மெண்ட் வேலையோட வரச் சொல்லுங்க, பேசுவோம். தை பொறந்தா நாங்க வேற இடம் பார்த்துருவோம்" என்று சொல்லியனுப்பினார் பெண்ணின் அப்பா. அன்றிலிருந்து சுருளிச்சாமிக்குக் கறையான் புற்றே எதிரில் இருந்தாலும் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சிரிப்பை வேறு எவனோ பார்க்கப் போகிறான் என்ற நினைப்பே அவனை அரித்தது.

அந்த வாரமே காட்டு ஆபீஸ் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். மலைத் தபால்காரர் வேலை, ஒரே ஒரு இடம். தை முதல் நாள், உச்சியிலிருந்து தபால் பையோடு மலை சைக்கிளில் கிளம்பி, ஏழு கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி முதலில் அடிவாரம் சேருகிறவருக்கு வேலை. விண்ணப்பத்தில் கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்து கட்டாயம்.

அந்தக் காட்டில் கெஜட்டட் என்றால் யானை மட்டும்தான். மூன்று நாள் வரிசையில் நின்றான் சுருளிச்சாமி. நாலாம் நாள் யானைக்கு அலுப்புத் தட்டியது. எல்லா விண்ணப்பங்களையும் ஆபீஸ் காப்பியோடு சேர்த்துக் குப்புற அடுக்கச் சொல்லி, மொத்தமாக ஒரே மிதி மிதித்தது. பின்பக்கத்தில் விதிகள் அச்சாகியிருந்தன. அதில் பாதி சேற்றோடு போயிற்று. கையெழுத்து கிடைத்ததே போதும் என்று எல்லோரும் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

அடுத்து சைக்கிள். தடித்த டயரும் இருபத்தோரு கியரும் வைத்த ஒன்றை வாங்கி, ஹெல்மெட், கையுறை, முட்டிக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டான். உடம்பெல்லாம் செதில் கவசத்தோடு பிறந்தவனுக்கு எதற்கு முட்டிக்கவசம் என்று கடைக்காரர் கேட்கவில்லை. விற்கிறவர் எதற்குக் கேட்கப் போகிறார்?

முதல் நாள் சரிவில் கொண்டுபோய் நிறுத்தினான். கீழே பார்த்தான். சுருண்டான். சைக்கிள் அங்கேயே நின்றது, அவன் மட்டும் வீட்டுப் பக்கம் உருண்டு போனான்.

அப்போதுதான் கோச் பிச்சுமணி வந்து சேர்ந்தார். பிச்சுமணி ஒரு கருமந்தி. தரையில் இறங்கியே பழக்கமில்லாதவர், சைக்கிளை மரத்தின் மேலிருந்து பார்த்திருக்கிறார்.

"மழையில தடம் வழுக்கும், அட்டை ஏறும், மார்கழிப் பனி நெஞ்சுல கட்டும். சாம்பியன்லாம் குளிர்காலத்துல வீட்டுக்குள்ளதான் மிதிப்பாங்க தம்பி" என்றார்.

வளைக்குள் ஒரு ஸ்டாண்டைப் போட்டு, பின்சக்கரம் தரையில் படாமல் சைக்கிளை மாட்டினார். எதிர்காற்றுக்கு டேபிள் ஃபேன். இயற்கைக் காட்சிக்கு மளிகைக்கடை காலண்டர். போனில் ஒரு ஆப் கிலோமீட்டர் காட்டியது. கார்த்திகை முழுக்க மிதித்தான். மார்கழி முழுக்க மிதித்தான். வளையை விட்டு அங்குலம் நகராமல் இரண்டாயிரம் கிலோமீட்டர் போய்வந்தான். தொடை உரல் மாதிரி ஆகிவிட்டது.

ஒருநாள் மூச்சிரைக்கக் கேட்டான். "மாஸ்டர், திரும்புறது, பிரேக் பிடிக்கிறதெல்லாம் எப்ப?"

"அதெல்லாம் தை மாசப் பாடம்."

அதே மார்கழியில், அதே வேலைக்கு விண்ணப்பித்திருந்த மலையரசு என்ற வரையாடு கொட்டும் பனியில் தினமும் சைக்கிளில் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் ஏறி இறங்கியது. எந்த வளைவில் சரளை, எங்கே சறுக்கும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. இது பழைய கதையாக இருந்தால் மலையரசுதான் ஜெயித்திருக்கும், நானும் சீக்கிரம் முடித்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பேன்.

தை பிறந்தது. உச்சியில் விசில் ஊதினார்கள். பையை மார்போடு கட்டிக்கொண்டு சுருளிச்சாமி மிதித்த மிதியில் மலையரசு புழுதிக்குள் காணாமல் போனது. "இரண்டாயிரம் கிலோமீட்டர்டா!" என்று கத்திக்கொண்டே போனான். முதல் வளைவு வந்தது. பாதை இடதுபக்கம் திரும்பியது. சுருளிச்சாமிக்கு நேராகப் போகத்தான் தெரியும். தை மாசப் பாடத்தை நினைத்துக்கொண்டான். தை அன்று காலையில்தான் பிறந்திருந்தது.

சைக்கிள் ஒரு நாவல் மரத்தில் தொங்கியது. சுருளிச்சாமி அந்தரத்திலேயே பையை உள்ளே வைத்துச் சுருண்டான். மற்ற ஆறு வளைவுகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, புதரில் விழுந்து, பாறையில் எகிறி, அடிவாரத்தில் தேர்வு அதிகாரி கடமானின் மேஜைக் காலில் முட்டி நின்றான்.

தலையை வெளியே நீட்ட அவனுக்கு மனம் வரவில்லை. வேலையும் போச்சு, பொன்னுத்தாயியும் போச்சு என்று உள்ளேயே அழுதான்.

வெகுநேரம் கழித்து, ஏழு வளைவையும் முறையாக ஓட்டிக்கொண்டு மலையரசு வந்தது. "சார், இவன் சைக்கிள்லயே வரல! உருண்டு வந்தான்!"

கடமான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதிகளைப் பார்த்தது. "விதி ஏழு: பை சேதமில்லாமல் முதலில் வந்து சேர வேண்டும். சேர்ந்துருச்சு. சைக்கிளைப் பத்தி விதி எட்டுல இருக்கும்போல. அங்க கெஜட்டட் கால் இருக்கு. அதை அழிச்சுப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்ல."

"அறிவிப்புல இருந்துச்சே சார்!"

"அறிவிப்புல கையெழுத்து இல்லியே."

அப்படியாக சுருளிச்சாமி கவர்மெண்ட் ஆளானான். இப்போது தினமும் உச்சியில் அவனுக்கு ஒரு வளைவைக் காட்டுகிறார்கள், தபால் பத்து நிமிடத்தில் அடிவாரம் சேர்ந்துவிடுகிறது. மேலே போக வேண்டிய தபால்கள் கீழேயே குவிந்துகிடக்கின்றன. அந்த வேலையைத் தனக்குத் தரச் சொல்லி மலையரசு மனுப் போட்டிருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டிய யானை லீவில் இருக்கிறது. அதுவரை சும்மா இருப்பானேன் என்று பிச்சுமணியிடம் பயப்படக் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருக்கிறது. பயம் இன்னும் வரவில்லை.

மாசியில் கல்யாணம். மணமேடையில் பொன்னுத்தாயி அதே ஓரக்கண்ணால் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து, ஊரிலிருந்து தாமதமாக வந்த பெரியப்பா ஒருவர் கூட்டத்துக்குள் தலையை நீட்டி, "ஆமா, மாப்ள என்ன பண்றாப்ல?" என்று கேட்டார்.

மாலையோடு சுருண்டான் சுருளிச்சாமி.

மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்த உருண்டையைக் காட்டினார். "இந்தா, இதைத்தான் பண்றாப்ல. கவர்மெண்ட்ல."

நீதி: வேலை கிடைக்கும்வரை அதற்குப் பெயர் பயம், கிடைத்த பிறகு அனுபவம். சைக்கிள் பழக நினைப்பவர்கள் குளிர்காலத்திலேயே யானையிடம் ஒரு மிதி வாங்கி வைத்துக்கொள்ளவும்.