ஒரே ஒரு கோப்புக்கு மட்டும்

எதிர்காலத்தைப் பற்றி அந்த மனநல மருத்துவமனையின் 'தகவல் பாதுகாப்பு உயர்மட்டக் குழு' கவலைப்பட்ட அளவுக்கு உலகில் வேறெந்தக் குழுவும் கவலைப்பட்டதில்லை. வாரா வாரம் கூடிக் கவலைப்படும். நடுவில் பிஸ்கெட்டும் உண்டு.

அன்று குழுவின் முன் நின்றவள் கணினிப் பிரிவுப் பொறியாளர். எந்நேரமும் சங்கேதப் பூட்டு, சாவி என்றே பேசுவதால் 'பூட்டம்மா'. நாற்பதாயிரம் பேர் டாக்டரிடம் மனம்விட்டுச் சொன்னதெல்லாம் அவள் பொறுப்பில்.

"சார், இன்டர்நெட்ல நாம போடற பூட்டு வெறும் கணக்குதான். ரெண்டு பெரிய எண்ணைப் பெருக்கறது சுலபம். வந்த விடையைத் திரும்பப் பிரிக்கறதுக்கு இப்ப இருக்கற கம்ப்யூட்டருக்கு ஏழு ஜென்மம் பத்தாது. குவாண்டம் கம்ப்யூட்டர் முழுசா வந்துட்டா பிரிச்சிடும்."

"வரட்டும், அப்பப் பார்த்துக்கலாம்," என்றார் இயக்குநர்.

"திருடங்க அதுவரைக்கும் சும்மா இருக்க மாட்டாங்க சார். நம்ம கிளைகளுக்கு நடுவுல போற கோப்பைப் பூட்டோட இப்பவே அள்ளி வச்சுக்கிட்டு, பின்னால திறந்துப்பாங்க. போனது போகட்டும், இனி போறதையாவது காப்பாத்தலாம். குவாண்டத்துக்கும் அசையாத புதுப் பூட்டு வந்தாச்சு. மாத்தணும்னா ரெண்டு மாசம் சனிக்கிழமையும் எல்லாரும் வேலைக்கு வரணும்."

சனிக்கிழமை என்றதும்தான் குழுவுக்கு அபாயத்தின் முழுப் பரிமாணம் விளங்கியது.

"எப்பத் திறப்பாங்க?"

"பத்து வருஷமோ, பதினஞ்சோ. யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது."

குழுவின் ஏழு பேரும் மேசைக்கடியில் விரல்விட்டுத் தத்தம் ஓய்வு வருஷத்தைக் கணக்கிட்டார்கள். ஏழு முகங்களும் மலர்ந்தன. 'அபாயம் ஏற்கத்தக்கது' என்று தீர்மானம் நிறைவேறியது.

"சார், நோயாளிகள்ல ஆறு வயசுக் குழந்தையெல்லாம் இருக்கு. அதுங்க வளர்ந்து நிக்கறப்ப..."

"ஏம்மா, அந்தக் குழந்தை நம்ம குழுவுல உறுப்பினரா?" என்றார் நிர்வாக அதிகாரி. விதிப்படி மிகச் சரியான கேள்வி.

அறைக்குத் திரும்பியவள், ராஜினாமாக் கடிதத்தை 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் ஓடவில்லை.

மூன்று மணிக்கு இயக்குநரே நேரில் எழுந்தருளினார். கதவைச் சாத்தினார்.

"அந்தப் புதுப் பூட்டு... ஒரே ஒரு கோப்புக்கு மட்டும் போட முடியுமாம்மா?" நோயாளி எண் எழுதிய துண்டுச் சீட்டை நீட்டினார். "என் பொண்ணு. இப்பத்தான் தேறி வேலைக்குப் போறா."

முடியும். அரை நாள் வேலை. அவள் சீட்டையும் அவர் முகத்தையும் பார்த்தாள்.

"முடியாது சார். போட்டா எல்லாருக்கும் போடணும். இல்லேன்னா யாருக்கும் இல்லை."

அடுத்து நிர்வாக அதிகாரி, மனைவியின் எண்ணோடு வந்தார். மாலைக்குள் ஏழு சீட்டுகள். சட்ட ஆலோசகர் மட்டும் தன் எண்ணையே எழுதியிருந்தார். ஏழு பேருக்கும் அவள் அதே பொய்யைப் பாரபட்சமின்றி வழங்கினாள்.

மறுநாளே அவசரக் கூட்டம். சனிக்கிழமை மட்டுமல்ல, ஞாயிறும் வேலை செய்ய ஒருமனதாக முடிவாயிற்று. ஐந்தே வாரத்தில் பூட்டு மாறியது. 'நாற்பதாயிரம் பேரின் மானம் காத்த தொலைநோக்காளர்கள்' என்று செய்திக்குறிப்பு வெளியானது.

அதில் ஒரு சின்னக் கணக்குப் பிழை. குழு காத்தது ஏழு பேரைத்தான். மற்றவர்கள், அந்த ஏழு பேருக்காகப் போட்ட பூட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஒண்டிக்கொண்டவர்கள்.