எண்பது முறை எரிந்த கலம்

துடைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சும்மா இருக்க மாட்டாமல் கையில் எடுத்த பூச்சுக்காரர், எரிகலத்தின் விளிம்பை மேஜை மூலையில் ணங்கென்று இடித்துவிட்டார். மிளகளவு பூச்சு பெயர்ந்து விழுந்தது.

ராக்கெட்டின் சின்ன உந்துபொறியில் எரிபொருள் எரியும் கலம் அது. உடம்பு கார்பன் இழை. மேலே பீங்கான் பூச்சு. பூச்சு போன இடத்தில் கார்பன், காகிதம் போல எரிந்துவிடும். இதுவரை ஒருமுறை எரித்தால் கலம் குப்பைக்கு. இதையோ அடுத்த வாரம் ஐம்பது முறை எரித்துப் பார்க்கப் போகிறார்கள்.

பன்னிரண்டு வருடமாக அவர் ஒப்பந்த ஊழியர். நிரந்தரம் எப்போது என்று கேட்டால் மேற்பார்வையாளர் பார்க்கலாம் என்பார். மேலாளர், ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்.

"மேலேன்னா எங்க? ராக்கெட்ல ஏத்தி அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டாள் மனைவி. இந்த நேரத்தில் இடித்த கதை வெளியே தெரிந்தால் இருக்கிற வேலையும் போச்சு.

பூச்சுக் குழம்பை விரலால் தொட்டு அப்பினார். காய்ந்ததும் மரு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. உப்புத்தாளால் தேய்த்தார். மரு போனது, கூடவே உள்ளங்கையகலம் பூச்சும் போனது.

"என்னய்யா, கலம் அம்மணமா நிக்குது?" என்றார் அந்தப் பக்கம் வந்த மேற்பார்வையாளர்.

"பழைய பூச்சுல எனக்குத் திருப்தி இல்ல சார். முழுசா மாத்திடறேன்."

வாய் விட்ட பொய்யைக் கை காப்பாற்ற வேண்டியதாயிற்று. மெல்லிசாக ஒரு பூச்சு, சூளையில் ஒரு சூடு, மறுபடி ஒரு பூச்சு என்று நான்கு நாளில் ஒன்பது அடுக்கு. கல்யாணமான புதிதில் மனைவி முகத்தைக்கூட அவர் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

சோதனையன்று ஒவ்வொரு முறை பற்றவைத்தபோதும் அவர் மனசுக்குள் எண்ணினார். இருபது. ஐம்பது. ஆசை விடாமல் எண்பதுவரை எரித்துப் பார்த்தார்கள். மயிரிழை விரிசல்கூட இல்லை. மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் அவரைக் கட்டிக்கொண்டார். நிரந்தரம் என்ற சொல் மட்டும் வரவில்லை. முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் தட்டு தந்த தைரியத்தில் பூச்சுக்காரர் நேரே பணியாளர் பிரிவுக்குப் போய், சிரிப்பை அடக்க முடியாமல், தன் ஃபைலைப் பற்றி விசாரித்தார். அங்கிருந்த எழுத்தர் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை உட்காரச் சொன்னாள். பன்னிரண்டு வருடத்தில் அந்த அறையில் யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை.

"மத்தவங்க மாதிரி மழுப்ப மாட்டேன், அண்ணே. கலம் ஐம்பதுக்குள்ள வெடிச்சா பழையபடி மாசம் பத்து பூச வேண்டியிருக்கும்னு, உங்களை நிரந்தரமாக்கற ஆர்டரை டைப் பண்ணியே வச்சிருந்தோம். எண்பது வந்ததும், இனி வருஷத்துக்கு ஒரு கலம் பூசினா போதும்னு, அதை என் கையாலயே கிழிச்சுப் போடச் சொல்லிட்டாங்க."