நல்ல சில்லியுடன்

பதினோராவது பச்சை மிளகாயை நறுக்கிய கையாலேயே மெய்ப்புத் திருத்துநர் கண்ணைக் கசக்கிவிட்டார். குழாயடியில் கால் மணி நேரம் முகத்தைக் காட்டிவிட்டு அவர் மீண்டபோது, மனைவி கைப்பேசியில் சமையல் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு பேருக்கு ரெண்டு மிளகாய் போதும்னு போட்டிருக்குங்க. கலந்து ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமாம்."

"குறிப்பு எழுதினவனுக்கு எங்க முதலாளியைத் தெரியுமா?"

அவர் பணிபுரிந்த பதிப்பகத்தில் தலைமைத் திருத்துநரின் நாற்காலி ஒரு மாதமாகக் காலியாக இருந்தது. அதில் அமரப்போகிறவர் யார் என்பதை அன்று மதியம், கோடை விருந்தில் முதலாளி அறிவிப்பார். யார் எதைச் சமைத்து வரவேண்டும் என்ற சுற்றறிக்கையில் இவர் பெயருக்கு நேரே, 'மெக்சிகன் பாஸ்தா சாலட், நல்ல சில்லியுடன்' என்றிருந்தது. முதலாளியே விரும்பிக் கேட்ட பண்டம்.

சுற்றறிக்கையில் பிழை இருக்க வாய்ப்பே இல்லை. அந்த அலுவலகத்தில் கழிவறைக் கதவில் ஒட்டும் அறிவிப்புகூட நம் திருத்துநரின் சிவப்பு மையில் குளித்த பிறகே வெளியே வரும். நாளொன்றுக்கு நாற்பது தாள்கள். பொருளைப் படித்துக்கொண்டிருந்தால் பிழையை யார் பார்ப்பது?

வெந்த பாஸ்தாவில் சோளம், பீன்ஸ், தக்காளி, மிளகாய் யாவும் கலந்தாயிற்று. சுவை பார்க்கும் பெரும்பேறு மைத்துனனுக்கு அருளப்பட்டது. அவன் கருத்துச் சொல்லவில்லை; விக்கினான்.

காரத்தை அடக்க எலுமிச்சை பிழிந்தார். புளிப்பு ஏறிற்றே தவிரக் காரம் இறங்கவில்லை. புளிப்பை அடக்கச் சர்க்கரை கொட்டினார்; இருமல் மருந்தின் மணம் வந்தது. அதை மறைக்க இன்னொரு பொட்டலம் பாஸ்தாவை வேகவிட்டுக் கிளறினார். எல்லாம் சேர்ந்து பசையாயிற்று. "தபால் உறை ஒட்டலாம்," என்றாள் மனைவி.

இதற்குள் அவர் நாக்கு மரத்துப்போயிருந்ததால், காரமே இல்லை என்று அஞ்சி மேலும் நான்கு மிளகாயைச் சேர்த்தார். குளிரவைத்தால் காரம் செத்துவிடும் என்று கருதி, கொதிக்கக் கொதிக்க ஹாட்பாக்ஸில் அடைத்து எடுத்துச் சென்றார்.

விருந்துக் கூடத்தில் ஏசி பழுது. எல்லோரும் பழைய மெய்ப்புத் தாள்களால் விசிறிக்கொண்டிருந்தார்கள். முதலாளி ஆவலோடு மூடியைத் திறந்தார்; ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. ஆகவே, பார்க்காமலேயே ஒரு பெரிய கரண்டி அள்ளி வாயில் போட்டார்.

பிறகு நான்கு குவளை தண்ணீர் குடித்தார். குரல் திரும்பியதும், இதென்ன என்று கேட்டார். திருத்துநர் பணிவுடன் சுற்றறிக்கையை நீட்டினார்.

"சில்லியா? நான் இப்படிக் கேக்கவே இல்லையே." முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தத் தப்பு யாரோடதோ, அவங்க இன்னையோட வீட்டுக்குப் போகலாம்."

திருத்துநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு சொல் பிசகினால் என்னென்ன விபரீதம் நேரும் என்று கூட்டத்துக்குச் சிறு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, மூலையில் நின்ற தட்டச்சுப் பெண்ணை நோக்கி விரல் நீட்டினார்.

"இதை அடிச்சது நீதானேம்மா?"

அவள் கோப்பிலிருந்து சிவப்பு மை படிந்த தாளொன்றை எடுத்தாள்.

"நான் 'நல்லா சில்லுனு'ன்னுதான் சார் அடிச்சேன். கொச்சைன்னு கோடு போட்டு, 'நல்ல சில்லியுடன்'னு திருத்தினது நீங்க."