மில்லுத் தெருவின் தூய காற்று

மருத்துவ உலகம் இதுவரை கண்ட உண்மைகளுக்கெல்லாம் சிகரமான ஓர் உண்மை, கள்ளக்குறிச்சிக்கு அடுத்த வடக்கனந்தல் பக்கம் மில்லுத் தெரு என்னும் முப்பது வீட்டுத் தெருவில்தான் கண்டறியப்பட்டது. அந்தப் பெருமை 'நெடுங்கோவிட் சுற்றுப்புறக் காரணிகள் ஆய்வுக் குழு'வைச் சேரும். அதற்குத் தன் நுரையீரலைக் கொடுத்து உதவிய சில்லறைப் பெருமை பூமாலையைச் சேரும்.

பூமாலைக்கு நாற்பத்தாறு வயது. நடவு வயலில் அவள் கைக்கு ஈடுகொடுக்க ஆளில்லை என்று ஊரே சொன்ன காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் அலையில் கொரோனா வந்தது. போகும்போது பாதி மூச்சைக் கையோடு கொண்டுபோய்விட்டது. நான்கு வருடமாகியும் தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர மூன்று இடத்தில் இறக்கி வைத்தாள். உலையில் அரிசி போட்டதை மறந்து இன்னொரு படி போட்டாள். தெருக்கோடி அரிசி ஆலையின் புகைபோக்கி இதற்கெல்லாம் இரக்கப்படாமல் உமிச்சாம்பலைப் பொழிந்துகொண்டிருந்தது. "காத்து மாறினா தேறும்" என்றார் மருத்துவர். வேறு வீடு இல்லாதவள் காற்றை எந்தக் கடையில் மாற்றுவாள்? சாம்பலை நிறுத்தச் சொல்லி ஆறு மனு கொடுத்தாள். ஏழாவது மனுவுக்குக் குழுவே வந்து இறங்கிவிட்டது.

'இறங்கியது' என்பது மரியாதைக்குச் சொல்வது. குழுத் தலைவர் காசிநாதன் காரின் கண்ணாடியை மட்டும் நாலு விரல் இறக்கினார்.

"உனக்கு வந்திருக்கறது லாங் கோவிட்மா."

"லாங்குங்களா? எந்த ஊர்ல இருந்துங்க வந்துச்சு?"

"அந்த லாங் இல்ல. ரொம்ப நாளா நகராம நிக்கற லாங்."

"எங்க மனு மாதிரிங்களா?"

காசிநாதன் அடுத்த கேள்விக்குப் போனார். "மூச்சு வாங்குதா?"

"வாங்கறதுல கொறை இல்லீங்க. வுடத்தான் முடியல."

'கொள்முதல் சீராக உள்ளது' என்று படிவத்தில் ஏறியது.

"பக்கத்துல பசுமை உண்டா?"

பூமாலை சுற்றுமுற்றும் பார்த்தாள். "மில்லு கேட்டுக்குப் பச்ச பெயிண்ட் அடிச்சிக்கிறாங்க சார்."

'பசுமை: உண்டு.'

எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் அஸ்ரப் நிஷாவுக்கும் இதே வியாதிதான். கல்லாவிலிருந்து எழுந்து வந்தவள், "இன்னா சார், மில்லப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே?" என்றாள்.

"படிவத்துல மில்லுக்குக் கட்டம் இல்லம்மா. அதையெல்லாம் மெஷின் பேசும்."

மறுநாள் நிஷாவின் கடையோரக் கம்பத்தில் காற்றை அளக்கும் கருவி ஏறியது. கருவி நேர்மையானது, அரசாங்க அனுபவம் இல்லாதது. முதல் நாளே சிவப்பில் எண்களைக் காட்டியது. இரண்டாம் நாள் விடாமல் அலறியது. மூன்றாம் நாள் ஒரு விக்கல் விக்கி அணைந்தது. பழுது பார்க்க வந்த சந்தோஷ் இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு அதைப் பிரித்தான். உள்ளே உமிச்சாம்பல் மையாய் அப்பியிருந்தது.

"சார், இதுக்கு மூச்சு அடைச்சிக்கிச்சு" என்றான்.

காசிநாதன் பதறிப்போனார். அவசரக் கூட்டம் கூடியது. 'கருவியின் உடல்நலம் கருதி அதனைக் கல்வராயன் மலைக்கு மாற்றி, தூய காற்றில் ஓய்வளிப்பது' என ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கருவியை ஜமக்காளத்தில் சுற்றி, குளிர்சாதன வண்டியின் பின்சீட்டில் படுக்க வைத்தார்கள்.

பூமாலை வண்டியோரம் வந்து நின்றாள். "சார், நானும் ஒரு வாரம் மலைக்கு வரட்டுங்களா? ஓரமா குந்திக்கினு வரேன்."

"ஆய்வு வண்டியில நோயாளிய ஏத்த விதி இல்லம்மா."

வண்டி போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். அழவில்லை. அழுதால் இளைப்பு ஜாஸ்தியாகும்.

அந்த மலைமேல் உள்ள வெள்ளிமலை ஊரில், ஒரு விருந்தினர் மாளிகை வராந்தாவில் கருவி இரண்டே நாளில் தேறி எழுந்தது. பச்சையில் எண்களைக் காட்டியது. அதன் விலாசம் 'மில்லுத் தெரு' என்றே பதிவாகியிருந்ததால், மலையில் அது இழுத்த காற்றெல்லாம் முறைப்படி மில்லுத் தெருக் காற்றாயிற்று. அறிக்கை வெளிவந்தது: 'சுற்றுப்புறத்தில் ஆபத்துக் காரணி ஏதுமில்லை. இத்தெருவாசிகள் தம் சொந்த முயற்சியால் மூச்சுத் திணறுகிறார்கள்.'

சொந்த முயற்சியைப் பாராட்டாமல் விடலாமா? தெருவில் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். 'தூய காற்றுத் தெரு' என்ற விருது; கேடயம் ஆலை முதலாளிக்கு. பயனாளிகள் சார்பில் நன்றி சொல்லப் பூமாலையை அழைத்தார்கள். மேடைக்கு நாலு படி. இரண்டு முறை நின்று ஏறினாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"சார், ஒரே ஒரு சந்தேகம். இங்க காத்து இம்மாம் சுத்தமா இருக்குன்னா, மெஷின ஏன் மலைக்கு இட்டுக்கினு போனீங்க?"

காசிநாதன் சிரித்துக்கொண்டே இன்னொரு மைக்கை இழுத்தார். "இன்னாம்மா இப்படிக் கேக்கற? அது ஒஸ்தியான மெஷின். இந்தத் தெருவுல இன்னும் ஒரு வாரம் வெச்சிருந்தா செத்தே போயிருக்கும். அப்புறம் மேல யார் பதில் சொல்றது?"

ஒலிபெருக்கி அதைத் தெருக்கோடி வரை கொண்டுபோனது. நாற்காலியிலிருந்து முதலில் எழுந்தவள் நிஷா. பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை.

"நாங்க இருவத்தாறு வருசமா இங்கதாங்க இருக்கறோம்" என்றாள் பூமாலை.

'பயனாளி மகிழ்ச்சியில் மூச்சு முட்டப் பேசினார்' என்று கூட்டக் குறிப்பில் இருக்கிறது. எனவே ஆய்வு தோற்றது என்று யாரும் குழுவைக் குறைசொல்ல வேண்டாம். அந்தத் தெருவில் உயிரோடு இருக்க முடியாது என்பது அவர்களுக்கு மூன்றாம் நாளே தெரியும். தெரிந்துதான் கருவியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.