பச்சைத் தண்ணீர்

சாய மாஸ்டர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சாயப்பட்டறையின் கழிவுநீர் வந்து விழும் சுத்திகரிப்புத் தொட்டி அது. குழாயிலிருந்து தண்ணீர் பச்சைப்பசேலென்று கொட்டிக்கொண்டிருந்தது.

மாடியில் துணி வாங்கும் கம்பெனியின் பரிசோதகர் அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். குடித்ததும் நேரே இங்கேதான் வருவார். புதுச்சாயம் துணியிலேயே தங்கிவிடும், தண்ணீர் தெளிவாக வரும் என்று மச்சானிடம் மல்லுக்கட்டி வாங்கவைத்தவரே மாஸ்டர்தான். பழைய சாயத்தில் அலசும் பெண்களின் கையெல்லாம் தோல் உரிந்தது. இப்போதுதான் ஆறியிருக்கிறது.

"இன்னைக்கு ஆர்டர் கிடைக்கலேன்னா பழைய சாய டிரம்மையே இறக்கிடுவேன் மாப்ள" என்று காலையிலேயே மச்சான் சொல்லியிருந்தார். பட்டறைக்கு முதலாளியும் அவர்தானே!

ஒரு மெஷினில் நீலம், இன்னொன்றில் மஞ்சள். இரண்டும் துணியில் ஒட்டாமல் வழிந்து பச்சையாகிவிட்டது என்று மாஸ்டரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். ஓடிப்போய் இரண்டையும் நிறுத்தினார்.

உடனே மாடியிலிருந்து மச்சான் போன் அடித்தார். "சத்தத்தையே காணோம்னு அம்மா கேக்குறாங்க. மெஷின போடுய்யா!"

போட்டார். பச்சையைக் கரைத்துவிடலாமென்று எல்லாக் குழாயையும் திறந்துவிட்டார். பச்சை கரையவில்லை, பரவியது. தொட்டி முழுக்கப் பாசிக்குளம் மாதிரி ஆனது.

"மச்சான், அவங்களுக்கு இன்னொரு டீ குடுங்க!" என்று போனில் கெஞ்சினார்.

"மூணு குடிச்சிட்டாங்கடா! இதுக்கு மேல குடுத்தா சந்தேகப்படுவாங்க!"

மாஸ்டர் கந்தல் துணியைச் சுருட்டித் தொட்டியில் விழும் குழாயின் வாயை அடைத்தார். தண்ணீர் சும்மா இருக்குமா? உள்வாய்க்கால் வழியே திரும்பிப் பட்டறைக்குள் ஏறியது.

"கணுக்கால் வரைக்கும் வந்துடுச்சு மாஸ்டர்!" என்று அலசுகிற அக்கா அலறினாள்.

"மொண்டு டிரம்ல ஊத்துக்கா! ஒரு சொட்டு வெளிய வரக்கூடாது!"

"எதுக்கு?"

"உன் கைக்குத்தான்க்கா!"

அதன்பிறகு அவள் கேள்வி கேட்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தாள். மற்றவர்களும் வந்தார்கள். மாஸ்டர் மோட்டார் போட்டுத் தொட்டியைக் காலி செய்து, ஹோஸ் வைத்துக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினார். ஹோஸை ஒளித்து நிமிரவும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

பரிசோதகர் அம்மா குனிந்து பார்த்தார். தொட்டியின் அடித்தளம் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"கலரே இல்லையே..."

"புதுச்சாயம்மா! கையில எடுத்துப் பாருங்க!" மாஸ்டரே ஒரு கை அள்ளிக் காட்டினார். மச்சான் பெருமையாக அவர் தோளைத் தட்டினார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. பின்னால் காலி பாட்டிலோடு நின்ற தம் கார் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்.

டிரைவர் தலையைச் சொறிந்தான். "உள்வாய்க்கால்ல நீங்க சொன்ன மாதிரியே ஊத்தினேன் மேடம். நாம ஊத்தின பச்சை இந்தத் தொட்டிக்கு வரலேன்னா, இவங்க திருட்டுக் குழாய் வச்சு ஆத்துல விடுறாங்கன்னுதானே அர்த்தம்?"