டிகிரி அண்ணனின் நெற்றி

காஜா பேராங் வட்டாரத்தில் டிகிரி அண்ணன் காய்ச்சல் பார்க்காத உயிர் கிடையாது. எங்கள் அறைவாசிகள், வாசலில் சவாரிக்கு நிற்கும் பெச்சாக்காரர், வழி கேட்க வந்தவர், ஒருமுறை எதிர்வீட்டு ஆடு. ஆட்டுக்குத் தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. பாவம், கடும் காய்ச்சல் என்று பக்கத்திலேயே உட்கார்ந்தார். மறுநாளும் நூற்றிரண்டு. அதற்குள் அது அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் பாதியைத் தின்றிருந்தது.

"காய்ச்சல்காரனுக்குப் பசிக்காது. அப்ப ஆட்டுக்கு இதான்டா சரியான சூடு" என்றார். சாரம் போன வருத்தமே இல்லை.

அது மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் கொண்டாடிய வருஷம். வேலைக்காக ரப்பர் தோட்டம் தோட்டமாக அலைந்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தேன். எனக்கு முன் அந்த அறையில் இருந்த லாரிக்காரர், சும்மா குளிருது என்று சொல்லி, நடுங்கிக்கொண்டே வேலைக்குப் போய்ச் செத்துப்போனார். இடம் காலியானது. அவர் பாயில் நான் படுத்தேன்.

அண்ணனுக்கு ஐஸ் ஃபேக்டரியில் வேலை. "நாள் முழுக்க ஐஸைக் கட்டிப் புடிக்கிறேன். உள்ள மட்டும் எப்படி தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுலயே நிக்குது?" இந்தச் சந்தேகத்தில்தான் தெர்மாமீட்டர் வாங்கினாராம். பார்த்தால் அது அங்கேயும் நிற்கவில்லை. காலையில் இறங்கியது, சாயங்காலம் ஏறியது. வெயிலில் ஓடி வந்தால் இன்னும் ஏறியது.

"சண்டை போட்டா ஏறுமா தெரியல. ரெண்டு பேரு சண்டை போடுங்களேன், பார்ப்போம்."

நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "கை என்ன கருவியா? ஐஸ் தூக்குன கைக்கு ஊரே காய்ச்சல்தான்."

ஒருநாள் கொதிக்கும் கோப்பிக்கு எவ்வளவு என்று பார்த்தார். தெர்மாமீட்டர் வெடித்துவிட்டது.

அடுத்த வாரமே அவருக்கு நடுக்கம் கண்டது. உச்சி வெயிலில் இரண்டு கம்பளி. கண் சிவந்து, உதடு காய்ந்து, சோற்றைத் தள்ளிவிட்டார்.

"அண்ணே, காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அளந்தியா?"

"எத வெச்சு அளக்க?"

"அப்ப எப்படிச் சொல்ற?"

"நடுங்குறீங்களே."

"ஐஸ் ஃபேக்டரிக்காரன் நடுங்காம?" பல் தந்தியடிக்க, வேலைக்குச் சட்டை மாட்டினார்.

எனக்கு என் பாயைப் பார்க்கவே பயமாக இருந்தது. குறுக்கே போய் நின்று அவர் நெற்றியில் கையை வைத்தேன். அடுப்பில் கிடக்கும் தோசைக்கல் மாதிரி இருந்தது. தட்டிவிடுவார் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

"எவ்வளவு?"

"நூத்தி மூணு."

"புள்ளி?"

"புள்ளி... நாலு."

"அப்ப காய்ச்சல்தான்" என்று பெச்சாவில் போய் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் நூற்று நான்கு. மலேரியா, நல்ல வேளை வந்தீர்கள் என்றார் மருந்து கொடுக்கும் டிரெசர். அண்ணன் என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

"தம்பி, உன் கை புள்ளி ஆறு கம்மியா காட்டுது. பரவால்ல, கூட்டிக்கலாம்."

தேறி வந்தவர் வேறு தெர்மாமீட்டர் வாங்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் என் முன்னால் உட்கார்ந்து நெற்றியைக் காட்டுவார். நான் ஏதோ ஒரு எண்ணைச் சொல்வேன். அதில் புள்ளி ஆறைக் கூட்டித் தலையாட்டுவார்.

பிறகு நான் கிளம்பிவிட்டேன். குருபோங், அதைத் தாண்டி எத்தனையோ ஊர்கள். எல்லா இடத்திலும் இந்தக் கையைச் சுமை தூக்கத்தான் கேட்டார்கள். புள்ளி வரைக்கும் நம்பியவர் அவர் ஒருவர்தான்.